ஆயிரம் லிட்டரில் மூன்று உயிர்

ஜெனிதாவுக்கு நாற்காலியில் பாதிதான் உட்காரத் தெரியும். மீதிப் பாதி எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராக இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் அப்படித்தான். "பெஞ்சுல முள்ளாடி கீது?" என்று அவள் அம்மா அந்தோணியம்மாள் சாமியார் பிரசங்கம் செய்யும்போதே இடுப்பில் கிள்ளுவாள். அப்பேர்ப்பட்டவள் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் இரண்டு மணி நேரம் கல்லுப் போல இருப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவாள். முப்பத்து நாலு வயதில் அவளுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கண்தான்.

என்னத்தை எண்ணுவாள்? சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. சரக்கை இறக்கிய கப்பல் வெறும் வயிற்றோடு கடலில் போனால் தள்ளாடும். அதனால் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போகும். பாலாஸ்ட் தண்ணீர் என்பார்கள். ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றிய தண்ணீரை இன்னொரு நாட்டில் கொட்டும்போது, அந்த ஊர்ப் பூச்சி, புழு, சிப்பிக் குஞ்சு எல்லாம் விசா வாங்காமல் இங்கே வந்து இறங்கி, நம்மூர் மீனின் சோற்றில் கை வைக்கும். அதைத் தடுக்கத்தான் இப்போது கப்பலுக்குள் ஒரு சுத்திகரிப்புக் கருவி பொருத்துகிறார்கள். தண்ணீரைச் சல்லடையில் வடிகட்டி, புற ஊதா விளக்கால் சுட்டு அனுப்பும். புதிதாகப் பொருத்திய கருவி நிஜமாகவே வேலை செய்கிறதா என்பதை அதைச் செய்தவனும் சொல்லக் கூடாது, வாங்கியவனும் சொல்லக் கூடாது. மூன்றாவது ஆள்தான் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது ஆள், அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் வேலை செய்யும் ஆய்வகம். வெளியே வரும் தண்ணீரில், ஆயிரம் லிட்டருக்கு, உயிருள்ளவை பத்துக்குக் கீழே இருந்தால் பாஸ். பத்து ஆகிவிட்டால் ஃபெயில். அவ்வளவுதான் கணக்கு.

ஆய்வகத்தின் முதலாளி டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூர்க்காரர், கடல் உயிரியல் படித்துப் படித்து முடி கொட்டினவர். மூன்றாவது ஆள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். கப்பலில் டீ கொடுத்தால்கூடக் குடிக்கக் கூடாது என்பார். ஜெனிதாவும் ஒரு பிளாஸ்க்கில் சொந்த டீயைத் தூக்கிக்கொண்டுதான் கப்பல் ஏணியில் ஏறுவாள். மாலுமிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

நொச்சிக்குப்பத்துப் பெண் அவள். அப்பா லூர்துசாமிக்குப் படகு, அம்மாவுக்கு லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் கடை. விலங்கியல் படித்துவிட்டு, பாட்டில் கழுவுகிற வேலைக்குத்தான் இங்கே சேர்ந்தாள். ஒரு நாள் பெரிய படிப்புப் படித்த ஒருவர் செத்தது என்று ஒதுக்கியதை, இவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சார், அதுக்குக் கால் துடிக்குது" என்றாள். அன்றைக்கு டாக்டர் அவளை நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார். அப்புறம் பன்னிரண்டு வருஷம் எண்ணினாள். எண்ணுவது இவள், அறிக்கையில் கையெழுத்து மட்டும் வேறு யாராவது போடுவார்கள். கேட்டுக் கேட்டு, பரீட்சை எழுதி, தணிக்கைக்காரர்கள் எதிரில் எண்ணிக் காட்டி, இந்த வருஷம்தான் அவளுக்குக் கையெழுத்து அனுமதி வந்தது. அவள் பெயரில் போகப்போகும் முதல் அறிக்கை அந்தப் புதன்கிழமைக் கப்பலுடையது.

அன்றைக்குக் காலையிலேயே இருப்புக்கொள்ளவில்லை அவளுக்கு. சென்னைத் துறைமுகத்தில் நின்ற அந்தச் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் அடுப்புச் சூடு. கருவிக் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் அஸ்வின் ஒன்பது நாளாக அங்கேயே கிடந்து அதைப் பொருத்தியிருந்தான். "மேடம், வெள்ளிக்கிழமை என் வைஃபுக்கு வளைகாப்பு, கே.கே. நகர்ல. இது பாஸ் ஆச்சுன்னா நான் நாளைக்கே வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். ஜெனிதா காதில் வாங்காதது போல வலையை மாட்டினாள். துறைமுகக் கடலிலிருந்தே எடுத்து, கருவி வழியாக வெளியேறும் தண்ணீர் ஆயிரம் லிட்டர் அந்த மெல்லிய வலை வழியாகப் போனது. வலையில் தங்கியதை ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் கழுவி இறக்கினாள். சுத்திகரிக்காத தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக. மணி பதினொன்றரை. அந்த நிமிஷத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் எண்ணி முடித்தாக வேண்டும்.

துறைமுக வாசலில் லாரி வரிசை. ஒரு மணி நேரம் வண்டி நகரவே இல்லை. பாட்டில்கள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தால், குளிர்ச்சிக்காக வைத்த ஜெல் பைகள் வெந்நீர்ப் பை மாதிரி ஆகியிருந்தன. வெயிலில் பாட்டிலுக்குள் இருப்பவை செத்துவிட்டால், கருவி கொன்றதா வெயில் கொன்றதா என்று யாருக்குத் தெரியும்? கடற்கரைச் சாலையைத் தாண்டியதும் ஆட்டோவை லூப் ரோட்டுக்குள் திருப்பச் சொன்னாள்.

"இன்னாடி, வேலை நேரத்துல?" என்றாள் அந்தோணியம்மாள், சங்கரா மீனை அறுத்துக்கொண்டே.

"ஐஸ் குடும்மா, சீக்கிரம்!"

அம்மா இரண்டு கையாலும் நொறுக்கு ஐஸை அள்ளிக் கொட்டினாள். ஜெனிதா பாட்டில்களைச் சுற்றி, அடியில், இண்டு இடுக்கில் எல்லாம் அழுத்தி அழுத்தித் திணித்தாள். அவள் யோசிக்கவே இல்லை. கடலிலிருந்து எது வந்தாலும் முதலில் ஐஸ். அந்தக் குப்பத்தில் பிறந்த கை வேறு என்ன செய்யும்? அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். "பாடம் பண்ணா மாதிரி வெச்சிருக்கற" என்று அம்மா பாராட்டக்கூடச் செய்தாள்.

ஆய்வகத்துக்கு வந்து, இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள். பாம்பு போல வளைந்த வாய்க்கால் உள்ள கண்ணாடித் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வாய்க்காலைத் தொடர்ந்து பார்ப்பாள். அசைந்தால் உயிர். அசையாவிட்டால் மயிரிழை ஊசியால் ஒரு குத்து, அப்போதும் அசையாவிட்டால் செத்தது. அன்றைக்கு எல்லாம் சாதுவாகக் கிடந்தன. குத்தினாள், கிடந்தன. அசைந்தவை மொத்தம் மூன்று. சுத்திகரிக்காத பாட்டிலை எண்ணியது கூட வேலை செய்யும் ஃபராஸ். அவன் கிருமிச் சோதனை வேலையை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு மேல்தான் அதைக் கையில் எடுத்தான். அதில் நூற்றுக்கணக்கில் துள்ளின. உள்ளே போகும்போது அவ்வளவு, வெளியே வரும்போது மூன்று. பாஸ்.

நாலு மணிக்கு ஜெனிதா கையெழுத்துப் போட்டாள். அறிக்கை கப்பலுக்குப் போனது. ஒரு ஃபோட்டோ அம்மாவுக்கும் போனது. நாலே காலுக்கு அம்மா கூப்பிட்டு, ஃபோனில் கத்தினாள்: "மார்க்கெட்டு முழுக்கக் காட்டிட்டேன்டி! என் பொண்ணு கையெழுத்து போட்டாத்தான் கப்பலே நவுரும்னு சொல்லிட்டேன்!" ஜெனிதாவுக்கு வாயெல்லாம் பல்.

டாக்டர் கிளம்பிவிட்டார், மற்றவர்களும் கிளம்பினார்கள். ஃபராஸ் தேனாம்பேட்டைக்குப் பஸ் பிடிக்க ஓடினான். எண்ணி முடித்த தண்ணீரைத் தட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் சேர்த்து வைப்பது அவர்கள் வழக்கம். நாலு நாற்பதுக்குத் தன்னுடைய குவளையைக் கொட்டப் போனவள், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள்.

உள்ளே தூசி துள்ளியது.

முதலில் கை ஆடுகிறது என்று நினைத்தாள். குவளையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வெள்ளைப் புள்ளி ஒன்று சட்டென்று எகிறி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கீழேயிருந்து ஒன்று. அவள் குத்திப் பார்த்துச் செத்தது என்று எழுதினவை, வரிசையாக எழுந்து நீந்திக்கொண்டிருந்தன.

முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. எப்படி, எப்படி என்று அறைக்குள் நாலு தடவை நடந்தாள். ஐந்தாவது தடவை மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது, பாதி உருகிய ஐஸ். அடப் பாவி! நம்மூர்க் கடலின் இளஞ்சூட்டில் வாழ்கிறவற்றை ஐஸுக்குள் புதைத்தால் அவை சாகாது, விறைத்துப் போகும். குத்தினாலும் அசையாது. சூடு ஏறினதும் எழுந்துகொள்ளும். ஜெல் பையையே துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், எண்ணுவதற்கு முன் அறைச் சூட்டுக்கு வர விட வேண்டும் என்று புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். ஃபராஸின் பாட்டில் ஒரு மணி நேரம் மேஜைமேல் இருந்ததால் தப்பித்தது. அவளுடையது அவசரத்தில் ஐஸிலிருந்து நேரே தட்டுக்குப் போனது. மீனைக் காப்பாற்றுகிற கை அவளைக் கவிழ்த்துவிட்டது.

ஐந்தரைக்கு ஆறு மணி நேரம் முடியும். உட்கார்ந்தாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள், தட்டுத் தட்டாக. ஏழு, பதினொன்று, பதினெட்டு. பத்தைத் தாண்டினபோதே முடிந்துபோன விஷயம், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கடைசித் தட்டில் முப்பத்தொன்று. நிமிர்ந்து பார்த்தால் மணி ஐந்து நாற்பது.

டாக்டருக்கு ஏழு தடவை ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. குவளையில் இருப்பதைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. காலையில் கப்பல் போய்விடும். ஊற்றவில்லை அவள். கதவைப் பூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஆட்டோ ஏறினாள். பாலத்தில் நெரிசல், மந்தைவெளியில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் இன்னும் நெரிசல். "அண்ணா, வேற ரோடு இல்லையா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாள். ஆட்டோக்காரர் திரும்பி, "இன்னாம்மா, பிரசவமா?" என்றார். கச்சேரி ரோட்டுக்கு முன்னாலேயே இறங்கி, வேர்த்து விறுவிறுத்து நடந்தாள்.

டாக்டர் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். நெற்றியில் நாமம், தோளில் துண்டு. "என்னம்மா இது, ஆத்துக்கே வந்துட்டே? ஃபோன் பண்ணப்படாதோ?"

"ஏழு தடவை பண்ணேன் சார்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"மீன் ஐஸா?"

"ஆமா சார்."

"துணி சுத்தினியோ?"

"இல்ல சார். கை பழக்கத்துல அப்படியே அமுக்கிட்டேன்."

"பெருமாளே!" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தார். "ரெண்டாவது தரம் எண்ணி முடிக்கறச்சே மணி என்ன?"

"அஞ்சு நாப்பது."

"ஆறு மணி நேரம் தாண்டிடுத்து." அவர் குரல் இறங்கியது. "அப்போ அந்த முப்பத்தொண்ணு செல்லாதும்மா. காலம் தாண்டின எண்ணிக்கைக்கு மதிப்பு கிடையாது. முதல்ல எண்ணினதுதான் நிக்கும். விதி அப்படித்தானே இருக்கு?"

அப்படித்தான் இருந்தது. ஜெனிதா அதை ஆட்டோவிலேயே யோசித்துவிட்டாள், பாலத்தின் மேலேயே. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். மூன்று என்று எழுதி அவள் போட்ட கையெழுத்து அப்படியே இருக்கும். மார்க்கெட்டில் அம்மா தலை நிமிர்ந்து நடப்பாள், அந்தப் பையன் வளைகாப்புக்குப் போவான். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சத்தியமாக, ரொம்ப வேண்டியிருந்தது.

"விதிப்படி அதெல்லாம் செத்ததுதான் சார்," என்றாள். "ஆனா நீந்திக்கினு கீதே சார்!"

பன்னிரண்டு வருஷத்தில் அவர் முன்னால் குப்பத்துப் பேச்சு அவள் வாயில் வந்ததே இல்லை. வந்த பிறகு திருப்பி எடுக்கவும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "யாருன்னா? காபி கலக்கட்டுமா?" என்று கேட்டார். டாக்டர் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார்.

"அறிக்கை உன் பேர்ல போயிருக்கு," என்றார் கடைசியில். "வாபஸும் உன் பேர்லதான் போகணும். நான் போட முடியாது. ஏன்னு காரணம் எழுதணும். எழுதினா தணிக்கைக்காரா உன் கையெழுத்து அனுமதியை நிறுத்தி வைப்பா. எத்தனை நாளைக்குன்னு என்னைக் கேக்காதே."

"சரி சார்."

"நம்ம லேப் பேரும் சேர்ந்துதான் கெடும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுண்டுதான் வந்திருக்கே." மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். அவள் ஊஞ்சலில் பாதி உட்கார்ந்து தட்டினாள். மாதிரியை ஐஸில் புதைத்தது நான். விறைத்தவற்றைச் செத்தவை என்று எண்ணியதும் நான். கீழே பெயர். அவள் வாழ்க்கையில் அதிகாரப்பூர்வமாகப் போட்ட இரண்டாவது கையெழுத்து அது, முதல் கையெழுத்தை ரத்து செய்ய.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அஸ்வின் கூப்பிட்டான். கப்பல் கிளம்பவில்லை, மறுசோதனை வெள்ளிக்கிழமை. "கண்ணுக்கே தெரியாத பூச்சிக்காக என் வீட்டு விசேஷத்தைக் கெடுத்துட்டீங்களே! உங்க தப்புக்கு நான் ஏன் மேடம் மாட்டணும்?" என்று கத்தினான். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

அம்மாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தோணியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "நான் குடுத்த ஐஸா?" என்று ஒரு தடவை கேட்டாள். பக்கத்துக் கடைக்காரி சொர்ணம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்த மீன உசுரு மீனுன்னு விக்கறவளுங்கள எனுக்குத் தெரியும்," என்றாள் அந்தோணியம்மாள். "உசுரா கீறத செத்துதுன்னு வித்தவ நீ ஒருத்திதான்டி." சொர்ணம் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள். அன்று முழுக்க யாரிடமும் ஃபோனை நீட்டவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பலுக்கு ஃபராஸ் போனான். ஜெனிதாவைப் போகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காலையிலிருந்து மாடிப்படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள். கீழ்வீட்டுக்காரம்மா, "என்ன ஜெனி, எதையாவது தொலைச்சுட்டியா?" என்று கேட்டார்கள். ஒரு மணிக்கு ஃபராஸ் வந்தான். பாட்டில், துணி சுற்றிய ஜெல் பைகளுக்கு நடுவில் இருந்தது. டாக்டரே நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார். புரை எடுத்த கண், இரண்டு தட்டு பார்ப்பதற்குள் நீர் வடிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். துடைத்தார், குனிந்தார். ஜெனிதா சுவரோரம் நின்றுகொண்டு கைவிரலை முறித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதற எண் என்னோடதுதான்," என்றார் டாக்டர், தலையைத் திருப்பாமல். "ஆனா இது அசையறதான்னு நீ சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். "அசையுது சார்."

"இது?"

"அதுவும்."

அப்படியே கடைசித் தட்டு வரை போனது. அவர் கேட்டார், அவள் சொன்னாள், அவர் எழுதினார். முப்பத்தாறு. ஃபெயில். டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சாயங்காலம் அஸ்வின் கூப்பிட்டான். இந்தத் தடவை கத்தவில்லை. பின்னால் இன்ஜின் இரைச்சல் கேட்டது.

"சல்லடையைக் கழட்டிப் பார்த்தேன் மேடம். ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிஞ்சு உக்காந்திருக்கு. தண்ணி சந்துல பூந்து போயிருக்கு. மாட்டினது நான்தான். ஒன்பது நாளா அதைத் தாண்டித்தான் போய் வந்துகிட்டிருந்தேன், பார்க்கவே இல்லை."

"சரி பண்ணிடலாம் தம்பி."

"பண்ணிட்டேன். திங்கக்கிழமை மறுபடி டெஸ்ட்." கொஞ்சம் தயங்கினான். "வளைகாப்பை வீடியோவுல பார்த்தேன். நீங்க அன்னிக்குப் பேசாம இருந்திருந்தா நான் இப்ப வீட்ல இருப்பேன் மேடம்."

"நானும் கையெழுத்துப் போட்டுக்கினு இருந்திருப்பேன், தம்பி."

ஃபோனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"ரிப்போர்ட்டுல உங்க பேரைத் தேடினேன்," என்றான் அஸ்வின். "காணோமே மேடம். எண்ணினது நீங்கதானே?"

"எண்ணினது சார்தான், தம்பி," என்றாள் ஜெனிதா. "பார்த்தது நான்."

அதைச் சொன்னதும், மூன்று நாளாக எங்கே இருந்ததென்றே தெரியாத அழுகை வந்துவிட்டது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, டாக்டரும் ஃபராஸும் பார்க்கப் பார்க்க, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.